தளம் திறக்கவில்லையா? எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கின. அன்றே திரும்பியும் வந்தன. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் தடை பல நாள் நீடித்தது. இப்படிப்பட்ட நாளில் கைக்குக் கிடைத்த இலவச விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் சேவை) செயலியைப் போட்டுக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். கீழே சொல்லும் செயலிகளை இன்றே இறக்கி வையுங்கள்.

முதலில் அடைப்பு எந்த வகை என்று பாருங்கள். வேறு தளங்கள் திறக்கின்றனவா? அதே தளம் இன்னொரு நிறுவனத்தின் சிம்மில் வருகிறதா? பிரவுசர் காட்டும் பிழையையும் வாசியுங்கள். ‘சர்வர் முகவரி கிடைக்கவில்லை’ என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மட்டத்தில்தான் தடுத்திருக்கிறார்கள். ‘இணைப்பு ரீசெட் ஆனது’ என்று வந்தால், நீங்கள் போக நினைக்கும் தளத்தின் பெயரை வழியிலேயே வாசித்து அறுக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். முகவரி https என்று பூட்டுப் போட்டது போல ஆரம்பித்தாலும், இணைப்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் பல சமயம் வெளியே தெரிந்துவிடுகிறது.

முதல் வகைக்கு விபிஎன்னே வேண்டாம். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போனில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று போங்கள். அங்கே 1.1.1.1 என்று எண்ணாக அடித்தால் ஏற்காது, பெயர்தான் கேட்கும். ‘ஒன்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, இடையில் புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அடியுங்கள். பிறகு ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் வராமல் மக்கர் செய்தால் இதுதான் காரணம். ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றி, லாகின் முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் வகைக்கு விபிஎன் தேவை. ஒன்றை மறக்க வேண்டாம்: இதுவரை உங்கள் இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன்காரர் பார்ப்பார். செயலியின் நிரலை வெளியிட்டு, வெளியாரைக் கொண்டு பாதுகாப்புச் சோதனை செய்த நிறுவனமாகப் பாருங்கள். புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம் பெரும்பாலோருக்குப் போதும். இந்தியாவில் சர்வர் வைத்திருப்பவரைத் தேர்ந்தெடுக்குமுன் யோசியுங்கள். வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டதும் பல நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

போட்டதும் செட்டிங்ஸில் விபிஎன் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ‘எப்போதும் ஆன்’, ‘விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு’ இரண்டையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் விபிஎன் அறுந்த நொடியில் போன் சத்தமில்லாமல் நேர்வழிக்குத் திரும்பிவிடும். இணையவே மறுத்தால் விபிஎன் செயலியில் புரோட்டோகாலை (இணையும் முறையை) மாற்றுங்கள்: வயர்கார்டு என்ற முறை யுடிபி என்ற வழியே போவதால் அதை அடையாளம் கண்டு அடைப்பது சுலபம், டிசிபி 443 போர்ட்டில், அதாவது https தளங்கள் போகும் அதே வாசலில், போவது சாதாரண வலைப் போக்குவரத்தோடு கலந்துவிடும்.

கூகுளில் லாகின் செய்துகொண்டே ‘நான் மறைந்திருக்கிறேன்’ என்று நினைக்காதீர்கள். விபிஎன் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணை) மாற்றும், கணக்கை மறைக்காது.

விபிஎன்னும் அடைபட்டால் டோர் பிரவுசர்: பல சர்வர்கள் வழியே சுற்றி அனுப்பி, யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் பிரவுசர் இது. ‘கனெக்‌ஷன்’ பகுதியில் பிரிட்ஜை (டோருக்குள் நுழைய உதவும் மறைவான வாசலை) தேர்ந்தெடுங்கள்: முதலில் ஓபிஎஃப்எஸ்4, நடக்காவிட்டால் ஸ்னோஃப்ளேக். மெதுவாகத்தான் வரும், வீடியோவுக்கு உதவாது. பாதியிலேயே நின்றால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதியோ நேரமோ தப்பாக இருந்தால் டோர் இணையாது. பல பேர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்தச் சின்ன விஷயத்தில்தான்.

வாட்ஸ்அப் மட்டும் போதுமென்றால் அதற்குள்ளேயே ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வில் ப்ராக்ஸி (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் சர்வர்) வசதி இருக்கிறது. நம்பகமானவர் தந்த முகவரியை அங்கே போடலாம். செய்தியை அவரால் வாசிக்க முடியாது, உங்கள் ஐபி மட்டும் தெரியும்.

சட்டத்தையும் பாருங்கள். ஜம்மு காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் விபிஎன்னுக்கே தடை போட்டதுண்டு.

டேட்டாவையே மொத்தமாக நிறுத்திவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஆண்ட்ராய்டில் பிரையர் செயலி புளூடூத், வைஃபை வழியே இணையம் இல்லாமல் செய்தி அனுப்பும். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒருவர் போனிலுள்ள க்யூஆர் குறியீட்டை மற்றவர் என இருவரும் ஸ்கேன் செய்தால்தான் அப்போது தொடர்பில் சேர முடியும். வீட்டாரையும் அடுத்த வீட்டாரையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.