வரைபடம் ஏமாற்றுகிறதா? ஸ்கேல் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

எண்களைப் பட்டைகளாகக் காட்டும் வரைபடத்தைப் பார்த்ததும் கண் போவது பட்டையின் உயரத்துக்கு. எண்ணை அப்புறம்தான் படிக்கிறோம், பல நேரம் படிப்பதே இல்லை. எண்கள் அத்தனையும் சரியாக இருந்தும் படம் பொய் சொல்ல முடிவது இதனால்தான். தேவையானவை ஒரு 15 செ.மீ. ஸ்கேலும் கால்குலேட்டரும். டிவியிலோ போனிலோ வந்த படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: பட்டையை அளந்து பாருங்கள்

இரண்டு பட்டைகளின் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, பெரியதைச் சிறியதால் வகுங்கள். பட்டைகளுக்கு உரிய எண்களையும் அப்படியே வகுங்கள். இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்.

2012-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒரு படம் காட்டியது. புஷ் காலத்து வரிச் சலுகை முடிந்தால் உச்ச வரி விகிதம் 35 சதவீதத்திலிருந்து 39.6 ஆகும் என்பது செய்தி. எண்களை வகுத்தால் 1.13. பட்டைகளோ ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் காட்டின. செங்குத்து அச்சு 34-ல் தொடங்கியதுதான் காரணம்: 34-க்கு மேல் ஒன்று 1 அலகு, மற்றது 5.6 அலகு. ஒழுங்காக வரைந்திருந்தால் 35 மி.மீ. பட்டைக்குப் பக்கத்தில் 39.6 மி.மீ. பட்டை, அரை செ.மீ. வித்தியாசம்கூட வராது.

அச்சில் எண்ணே போடாமல் விட்டிருந்தால்? அப்போதும் கண்டுபிடிக்கலாம். இதே படத்தில் பட்டைகள் 10 மி.மீ., 56 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உயர வித்தியாசம் 46 மி.மீ., எண் வித்தியாசம் 4.6. அப்படியானால் 1 மி.மீ. என்பது 0.1. சின்னப் பட்டையின் 10 மி.மீ. வெறும் 1 சதவீதம். 35-ல் 1 போக 34: அச்சு தொடங்கிய இடம் அதுதான்.

படி 2: கோட்டு வரைபடத்தை வேறு மாதிரி பாருங்கள்

புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்பது பட்டைக்கான விதி, ஏனென்றால் அங்கே நீளம்தான் அளவு. கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. அங்கே வரம்பை மிகப் பெரிதாக்குவதும் ஏமாற்றுதான். 2015 டிசம்பரில் நேஷனல் ரிவ்யூ இதழ் பகிர்ந்த உலக வெப்பநிலைப் படத்தில் அச்சு மைனஸ் 10-லிருந்து 110 ஃபாரன்ஹீட் வரை போனது. 1880 முதல் ஏறியது ஏறக்குறைய 1 செல்சியஸ், அதாவது 1.8 ஃபாரன்ஹீட். 120 மி.மீ. உயரப் படத்தில் அது 2 மி.மீ.கூட இல்லை, கோடு தட்டையாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? இந்த அளவில் எவ்வளவு மாறினால் அது பெரிய மாற்றம் என்று முதலில் கேளுங்கள். அந்த மாற்றம் படத்தில் கண்ணுக்குப் பட வேண்டும்.

படி 3: அச்சின் எண்களை விரல் வைத்து வாசியுங்கள்

கீழிருந்து மேல், இடமிருந்து வலம். சலிப்பான வேலைதான், தவிர்க்காதீர்கள். 2014-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட ஃப்ளோரிடா துப்பாக்கிக் கொலைகள் படத்தில் பூஜ்யம் உச்சியில் இருந்தது. பின்வாங்காமலே தற்காப்புக்குச் சுடலாம் என்ற 2005 சட்டத்துக்குப் பிறகு கொலைகள் கூடின. கோடு கீழே இறங்கியதால் குறைந்ததாகவே பலர் புரிந்துகொண்டார்கள். 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறையின் கொரோனா படத்தில் மே 1-க்கு அடுத்து ஏப்ரல் 30 நின்றது. தேதிகள் கலைந்ததால் பட்டைகள் அழகாகச் சரிந்துகொண்டே போயின. பிறகு திருத்தினார்கள்.

படி 4: இரண்டு கோடு இருந்தால் அச்சு எத்தனை?

2015-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் குடும்பக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு போன்ற சேவைகள் தரும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பைப் பற்றி ஒரு படம் காட்டப்பட்டது. 2006-க்கும் 2013-க்கும் இடையே புற்றுநோய்ப் பரிசோதனைகள் சுமார் 20 லட்சத்திலிருந்து 9.36 லட்சமாகக் குறைந்தன, கருக்கலைப்புகள் 2.9 லட்சத்திலிருந்து 3.27 லட்சமாகின. படத்திலோ ஒரு கோடு மற்றதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே போனது. 3.27 எப்படி 9.36-க்கு மேலே நிற்கும்? இரண்டு கோட்டையும் வெவ்வேறு அளவில் வரைந்தால்தான். இத்தகைய படம் வந்தால் நான்கு எண்களையும் எக்செல்லில் போட்டு, ஒரே அச்சில் கோடு வரையுங்கள். இங்கே அவை எந்த இடத்திலும் சந்திக்காது.

படி 5: பரப்பையும் முப்பரிமாணத்தையும் நம்பாதீர்கள்

இரு மடங்கைக் காட்ட நாணயப் படத்தின் உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். சாய்த்து வைத்த வட்டப் படத்தில் முன்பக்கத் துண்டு எப்போதும் பெருத்துத் தெரியும். 2008-ல் மேக்வேர்ல்ட் என்ற ஆப்பிள் கணினி மாநாட்டு மேடையில் காட்டிய படத்தில், அமெரிக்க ஸ்மார்ட்போன் சந்தையில் ஆப்பிளின் 19.5 சதவீதத் துண்டு, பின்னால் இருந்த 21.2 சதவீதத் துண்டைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இங்கே ஸ்கேல் உதவாது. படத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஒரு தாளில் பெரியதிலிருந்து சிறியதாக எழுதிக்கொள்ளுங்கள்.