நடக்கச் சிரமப்படும் அம்மா அப்பாவுக்குக் குரூஸ் பயணம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடமாடுவார். வெளியே போனால் நூறு தப்படிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். ஒரு தடவையாவது கப்பலில் போகவேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல்முறை பதிவு செய்தபோது நான் கப்பலின் படங்களைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், பணத்தைக் கட்டிவிட்டேன். நான்கு துறைமுகங்களில் இரண்டில் அம்மாவால் இறங்கவே முடியவில்லை. இரண்டாவது பயணத்துக்கு முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்து விசாரித்தேன். அந்தப் பயணத்தை அம்மா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் நான் தெரிந்துகொண்டதை, முதல்முறை பதிவு செய்யப்போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

இணையத்தில் கப்பல் தேடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். அம்மாவோ அப்பாவோ எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது? கைப்பிடி இருந்தால் எத்தனை படி ஏறுவார், இல்லாவிட்டால் எத்தனை? தாழ்வான இருக்கையிலிருந்து தானே எழுந்துகொள்வாரா? குளிக்கும்போது உட்கார வேண்டுமா? இரவில் எத்தனை முறை பாத்ரூம் போகிறார்? வாக்கர் அல்லது வீல்சேரின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். விரித்தால் எவ்வளவு, மடித்தால் எவ்வளவு, எடை எவ்வளவு என்று மூன்றும் வேண்டும். பிறகு கப்பல் நிறுவனம் அனுப்பும் படிவத்தில் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வரும்.

எழுதும்போது வலி கூடுதலாக இருக்கும் நாளின் கணக்கையே எழுதுங்கள். பெரியவர்கள் "அதெல்லாம் நான் நடந்துடுவேன்" என்றுதான் சொல்வார்கள். நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அது. அந்தச் சொல்லை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: அவருக்கு என்ன வேண்டும்? நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. ஊர் ஊராகப் பார்க்க ஆசைப்படுவார் என்று நானே நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்டபோது, "எனக்குக் கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா போதும்" என்றார். அந்த ஒரு பதில் எங்கள் இரண்டாவது பயணத்தின் வழித்தடத்தையே மாற்றிவிட்டது.

படி 2: கப்பலுக்கு முன்னால் வழித்தடம்

எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சில இடங்களில் ஆழமோ இடமோ போதாது; கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு டெண்டர் என்று பெயர். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒரு பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான்.

எங்கள் முதல் பயணத்தில் டெண்டர் ஏறும் இடம், கப்பலின் கீழ்த்தளத்தில் பக்கவாட்டில் திறக்கும் ஒரு கதவு. வெளியே படகு ஒரு முழம் எழும்பி ஒரு முழம் தாழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஊழியர்கள் இருபுறமும் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். படகு மேலே வரும் நொடியில் குரல் கொடுப்பார்கள். அந்த நொடியில் ஓர் எட்டு எடுத்துவைத்துவிட வேண்டும். அம்மா காலைத் தூக்கினார், திரும்ப வைத்தார். மறுபடி தூக்கினார், வைத்தார். பிறகு, "வேண்டாம்ப்பா, நீ போய்ட்டு வா" என்றார். பயத்தைவிட, பின்னால் அத்தனை பேர் காத்து நிற்கிறார்களே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கிரீஸின் சாண்டோரினி, கரீபியனின் கிராண்ட் கேமன் இரண்டும் டெண்டர் இடங்கள். சாண்டோரினியில் படகிலிருந்து இறங்கிய பிறகும் மேலே ஊருக்குப் போக கேபிள் கார் வேண்டும், இல்லையென்றால் ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள். அலை அதிகமானால் வீல்சேர் பயணிகளை டெண்டரில் ஏற்ற வேண்டாம் என்று கேப்டன் முடிவு செய்யலாம். அது பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு, அங்கே வாதாடிப் பயனில்லை. ஆகவே, வழித்தடத்தில் உள்ள ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே "கரையில் நிற்குமா, டெண்டரா?" என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பயண அட்டவணையிலேயே பெரும்பாலும் நங்கூரக் குறியோ சிறு குறிப்போ இருக்கும். இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

கரையில் நின்றாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கப்பலையும் கரையையும் இணைக்கும் கேங்வே பாலத்தின் சரிவு. கடல் மட்டம் ஏறி இறங்க, அதுவும் மாறும். காலையில் சுலபமாக இறங்கிய பாலம் மாலையில் செங்குத்தாக இருக்கக்கூடும். இன்னொன்று, ஊர் எவ்வளவு தூரம் என்பது. அட்டவணையில் "ரோம்" என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிதவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். போகவர அத்தனை நேரம் பஸ்ஸில் உட்கார முடியுமா என்பது வேறு கேள்வி. இதற்கு நேர்மாறாக அலாஸ்காவின் கெட்சிக்கனில், ஊரின் நடுப்பகுதியில் பெரும்பாலான கப்பல்கள் கரையோடு நிற்கும், இறங்கினால் ஊர்தான்.

அலாஸ்காவை நான் வேறொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். கிளேசியர் பே தேசியப் பூங்காவில் கப்பலைவிட்டு யாரும் இறங்குவதில்லை. பூங்கா அதிகாரிகளே கப்பலில் ஏறிவந்து விளக்குவார்கள். பனியாறு கடலில் உடைந்து விழுவதை, நடக்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே டெக்கில், ஒரே தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். அங்கே போகும் இன்சைடு பாசேஜ் வழியின் பெரும்பகுதி தீவுகளுக்கு நடுவில் போவதால், திறந்த கடலைவிட ஆட்டம் குறைவு. நார்வேயின் ஃபியோர்டுகளும் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல்வழிகள்) அப்படித்தான். மலைக்கு நடுவே கப்பல் போகும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் தெரியும். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணை போன்ற கொந்தளிப்பான பாதைகளை, கால் தள்ளாடுகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துறைமுகமே வேண்டாம், கடல் போதும் என்பவர்களுக்குக் குவீன் மேரி 2 போன்ற கப்பல்கள் உண்டு. சவுதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பெரும்பாலும் 7 இரவுகள், நடுவில் இறங்குவதே இல்லை. ஆனால் அது வட அட்லாண்டிக். குளிர்மாதங்களில் அலை பெரிது. கோடையில் போனால் நல்லது.

படி 3: பெரிய கப்பலா, ஆற்றுக் கப்பலா?

சின்னக் கப்பல் என்றால் நடை குறைவு, ஆகவே நல்லது என்று தோன்றும். முழுக்க உண்மை இல்லை. 2024-ல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் சுமார் 365 மீட்டர் நீளம், 20 தளங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதே ஒரு சின்னத் தெருவைக் கடப்பது போல. ஆனால் பெரிய புதிய கப்பல்களில் லிப்டுகள் நிறைய, தாராளமான நடைபாதை, வீல்சேர் புழங்க வடிவமைத்த கேபின்களும் அதிகம்.

ஆற்றுக் கப்பல்களைப் பற்றித்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஆடாது என்பது சரிதான். ஆனால் பல கப்பல்களில் லிப்ட் மேல்தளம் வரை போகாது. கூட்டம் அதிகமான ஊர்களில் இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். நாம் அடுத்த கப்பலின் வழியாகத்தான் கரைக்குப் போக வேண்டும், நடுவில் படிகளும் வரும். இறங்கினால் பழைய நகரங்களின் உருண்டைக்கல் பாவிய தெரு. வாக்கரின் சின்னச் சக்கரத்துக்கு அதைவிடக் கெட்ட தரை இல்லை.

படி 4: கேபின், அதிலும் பாத்ரூம்

கப்பலில் சாதாரண கேபினின் கதவு பொதுவாக 60 சென்டிமீட்டருக்குள்தான் திறக்கும். பெரும்பாலான வீல்சேர்கள் அதில் நுழையாது. வீல்சேருக்கென்று அமைத்த கேபின்களில் வாசல் 80 சென்டிமீட்டரைத் தொடும். நோட்டில் எழுதிவைத்த அகலம் இப்போது உதவும்.

கதவைவிட முக்கியம் பாத்ரூம் வாசல். தண்ணீர் வெளியே வராமல் இருக்க, பல கேபின்களில் பாத்ரூம் வாசலில் ஒரு மேடு இருக்கும். பகலில் அது ஒன்றும் பெரிதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், கப்பல் லேசாக ஆடும்போது, வாக்கரை முதலில் தூக்கி உள்ளே வைத்து, பிறகு ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று தாண்ட வேண்டும். முதல் பயணத்தில் அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சத்தம் கேட்டுத்தான் நான் விழித்தேன். மறுநாளிலிருந்து என்னை எழுப்பாமல் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவரோ எழுப்பத் தயங்கி, மாலை ஆனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். வயதானவர் உடம்புக்கு அது எவ்வளவு கெடுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது: மேடில்லாத வாசல், சக்கரத்தோடு உள்ளே போகும்படி சமதரையான ஷவர், அதில் மடக்கு இருக்கை, கழிப்பறையின் இருபுறமும் கைப்பிடி. "மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின்" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். முழுதாக வீல்சேர் சுற்றித் திரும்பும் கேபினும் உண்டு. கைப்பிடி மட்டும் கூடுதலாகப் போட்ட கேபினும் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. தரைப்படம் கேளுங்கள். பால்கனி எடுத்தால் அதன் வாசலிலும் மேடு உண்டா, சரிவுப் பலகை தருவார்களா என்று விசாரியுங்கள்.

இடம்: கப்பலின் நடுப்பகுதி, தாழ்ந்த தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு. லிப்டுக்கு அருகில் இருக்கட்டும். "கேபின் எண்ணை நாங்களே ஒதுக்குவோம்" என்று குறைந்த விலையில் விற்கும் வகையை நாம் தொடவே வேண்டாம். வீல்சேர் கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான். ஒரு வருடம் முன்பே பதிவு செய்தாலும் தவறில்லை. வாக்கரையோ, நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து போகும் மின்சார ஸ்கூட்டரையோ நடைபாதையில் நிறுத்த விடமாட்டார்கள், அவசரத்தில் எல்லாரும் ஓட வேண்டிய வழி அது. கேபினுக்குள் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: எழுத்தில் கேளுங்கள்

பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் சிறப்புத் தேவைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. போனில் பேசினாலும், பதிலை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். நான் கேட்ட கேள்விகள் இவை:

- இந்த வழித்தடத்தில் டெண்டர் எங்கெல்லாம்? வீல்சேரை அதில் ஏற்றுவீர்களா?
- பாத்ரூம் வாசல் மேடு எத்தனை சென்டிமீட்டர்?
- ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும் வீல்சேர் தள்ள ஆள் வருவாரா? நடுவில் உள்ள நாட்களில்?
- கரைச் சுற்றுலாவில் வீல்சேர் ஏற்றும் லிப்ட் உள்ள பஸ் எந்த ஊர்களில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு அநேகமாக எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ஏற, இறங்க மட்டும். நடுவில் தேவை என்றால் சொந்த வீல்சேர் வேண்டும், அல்லது வாடகைக்கு எடுத்துக் கேபினுக்கே வரவழைக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள் என்றால், 2010-ஆம் ஆண்டின் 1177 எண் ஒழுங்குமுறை உங்களுக்குத் துணை. குறைந்தது 48 மணி நேரம் முன்னால் தெரிவித்தால், துறைமுகத்திலும் கப்பலிலும் உதவி இலவசமாகத் தரப்பட வேண்டும். அமெரிக்கக் கடற்பரப்பில் ஓடும், வேறு நாட்டில் பதிவான (வெளிநாட்டுக் கொடி) கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்திருக்கிறது. உதவி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தயங்காமல் கேளுங்கள்.

படி 6: மருத்துவமும் காப்பீடும்

கப்பலில் டாக்டரும் நர்சும் இருப்பார்கள். கட்டணம் தனி. பெரிய சிகிச்சை என்றால் கரைக்குத்தான் அனுப்ப வேண்டும், சில சமயம் ஹெலிகாப்டரில். ஆகவே ஏற்கனவே உள்ள நோய்களையும் அவசர வெளியேற்றச் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். நோயை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும் நாளில் உதவாது. இன்சுலினுக்குக் குளிர்பெட்டி, மூச்சுக் கருவிக்கு மின்சாரம் என்று எது வேண்டுமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கு பரப்பும் நோரோவைரஸுக்கு சானிடைசர் போதாது. சாப்பிடும் முன் அம்மாவைச் சோப்புப் போட்டுக் கைகழுவ அழைத்துப் போங்கள்.

படி 7: கப்பலில் ஏறிய நாள்

துறைமுக ஊருக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். விமானத்திலிருந்து இறங்கி நேராகக் கப்பலுக்கு ஓடுவது இந்த உடம்புக்கு ஆகாது.

ஏறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அவசரகாலப் பயிற்சி. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்பும் முன் அல்லது கிளம்பிய உடனே அதை நடத்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. அவசரத்தில் லிப்டை நம்ப முடியாது. அதனால் அங்கேயே ஊழியரிடம், "இவரால் படி இறங்க முடியாது, யார் வந்து அழைத்துப் போவார்கள்?" என்று கேட்டுப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். நான் கேட்டபோது, படிகளில் இறக்கும் நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவுக்கே காட்டினார்கள். அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

துறைமுகங்களில் அவசரப்படாதீர்கள். கப்பல் நின்ற முதல் ஒரு மணி நேரம் லிப்டும் கேங்வேயும் நிரம்பி வழியும். கூட்டம் போன பிறகு இறங்குங்கள்.

கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள்; அவை காலையில் கரையில்தான் கிடைக்கும். மருந்து, கண்ணாடி, மறுநாள் உடுத்தும் துணி, அம்மாவின் பிடிமானமான செருப்பு எல்லாம் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை வெளியே வையுங்கள். இறங்குவதற்கு வீல்சேர் வேண்டும் என்பதையும் அன்று மாலையே வரவேற்பு மேசையில் மறுபடி ஒருமுறை சொல்லிவிடுங்கள்.