அவிழ்த்துவிட்ட நாய் இருக்கும் தெருவில், நாய்க்குப் பயந்தவர் நடப்பது எப்படி?

"ஒன்றும் செய்யாது, பயப்படாமல் வாருங்கள்." நாய் வளர்ப்பவர்கள் வாசலில் நின்றபடி சொல்லும் வாக்கியம் இது. ஏழு வயதில் முழங்காலுக்குப் பின்னால் கடிபட்ட எனக்கு அந்த வாக்கியம் ஒருநாளும் உதவியதில்லை. எதிர்வீட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய நாய் எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. பகலில் பெரும்பாலும் அவிழ்த்துத்தான் விட்டிருப்பார்கள். முதல் நான்கு ஆண்டுகள், அதன் கண்ணில் படாமல் இருக்க இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போய் பஸ் பிடித்தேன். இப்போது நேர்வழியில் நடக்கிறேன். நாய்மேல் எனக்குப் பிரியம் வந்துவிடவில்லை. தெருவில் நடப்பதற்கு நாய்ப் பிரியராக மாறியாக வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாய் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் அந்த நிமிடத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நில்லுங்கள். உடம்பு முழுவதும் ஓடச் சொல்லும், ஆனாலும் நில்லுங்கள். ஓடுகிறவரைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். நடுத்தர உயரமுள்ள நாய்கள்கூட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை எளிதாகத் தொட்டுவிடும், நம்மால் அதை வெல்ல முடியாது. நின்றபின் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் நின்று கண்ணைப் பார்த்தால் சண்டைக்கு அழைப்பதாக அது எடுத்துக்கொள்ளலாம். கைகளை வயிற்றுக்கு முன்னால் கோத்து வைத்துக்கொண்டு, பார்வையை உங்கள் காலடியில் வையுங்கள். கைகளைத் தலைக்குமேல் தூக்காதீர்கள், தூக்கினால் அதுவும் எம்பும். கத்தாதீர்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மனத்துக்குள் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவேன்.

முதன்முதலில் இதைச் செய்த நாள் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. எதிர்வீட்டு நாய் குரைத்தபடி வந்தது. ஓர் அடி தூரத்தில் குரைப்பை நிறுத்தியது. என் செருப்பை முகர்ந்தது, கால்சட்டை ஓரத்தை முகர்ந்தது, பிறகு கோத்திருந்த விரல்களில் அதன் மூக்கு பட்டது. ஈரமாக, சில்லென்று இருந்தது. அதன் மூச்சுக் காற்று மணிக்கட்டில் விட்டுவிட்டுப் பட்டதை எண்ணிக்கொண்டே நின்றேன். இருபத்து மூன்றாவது எண்ணில் அது தும்மிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அசையாமல் நிற்கும் மனிதனிடம் நாய்க்கு வேலை குறைவு. முகர்ந்து பார்த்து, ஆள் யார் என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் அதன் ஆர்வம் தீர்ந்துவிடும்.

அது விலகியதும் முதுகைக் காட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க வேண்டாம். ஓரக்கண்ணில் அதை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாக அடியெடுத்து வையுங்கள். கையில் பை இருந்தால் நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போகும்போது துரத்தினால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். சக்கரம் ஓடாவிட்டால் துரத்தலும் பெரும்பாலும் அடங்கிவிடும். நான் ஒரு குடையை மடித்தபடி கையில் வைத்திருப்பேன், ஓங்குவதற்காக இல்லை, குறுக்கே பிடிப்பதற்காக. கல்லையும் கம்பையும் ஓங்கினால், விலகிப் போக இருந்த நாயும் தன்னைக் காத்துக்கொள்ளப் பாயக்கூடும். ஒருவேளை கீழே விழுந்துவிட்டால் சுருண்டு குப்புறப் படுத்து, விரல்களைப் பிடரியில் கோத்து, முன்கைகளால் காதுகளை மூடிக்கொள்ளுங்கள்.

வாலை ஆட்டுகிற நாய் நட்பாக இருக்கிறது என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். அதை அப்படியே நம்ப முடியாது. உடம்பு முழுவதும் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் அகலமாக ஆடினால் அது நட்பு. வால் விறைத்து உயர நின்று, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் அது பதற்றம். உதட்டை நக்குவது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவை எல்லாம் 'என்னை விட்டுவிடு' என்று அது கேட்கும் விதங்கள். உறுமலும் எச்சரிக்கைதான், விலகிப் போக நேரம் கொடுக்கிறது. குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று சத்தத்தை நிறுத்தி உடம்பை விறைத்தால்தான் நான் மிகவும் கவனமாகிவிடுவேன்.

இதையெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்துதான் கற்றேன். மூன்று வாரம், காலையில் அரைமணி நேரம், ஒரு நோட்டுப் புத்தகத்துடன். எதிர்வீட்டு நாய் 6.20 மணிக்கு அவிழ்க்கப்படுகிறது. பால்காரரை அது பார்ப்பதே இல்லை. கூரியர் பையன் வந்தால் எழுந்து நிற்கிறது. யாரைத் துரத்தினாலும் மூன்றாவது விளக்குக்கம்பத்துக்கு அப்பால் போவதில்லை. தன் எல்லை அதோடு முடிகிறது என்று அது வைத்திருக்கிறது. பயம் என்பது பாதிக்குமேல், அது எப்போது எங்கிருந்து வரும் என்று தெரியாததால் வருவது. நேரமும் எல்லையும் தெரிந்த பிறகு, கதவைத் திறக்கும்போது கை நடுங்குவது எனக்கு வெகுவாகக் குறைந்தது. நீங்களும் உங்கள் தெரு நாயை ஒரு வாரமாவது பாதுகாப்பான இடத்திலிருந்து கவனித்து எழுதி வையுங்கள். பிறகு பேசப் போகும்போதும் அது கைகொடுக்கும்.

பேசுவதைத் தவிர்க்க முடியாது. நிற்பது, மூச்சு விடுவது, குடை எல்லாம் நாயைச் சமாளிக்கும் வழிகள். நாயை அவிழ்த்துவிடுவது மனிதர், ஆகவே முடிவும் மனிதரிடம்தான் இருக்கிறது. நான் முதலில் செய்தது தவறு. துரத்தல் நடந்த அதே நிமிடத்தில், நெஞ்சு படபடக்க, எதிர்வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன். அந்த அம்மாவும் பதிலுக்குச் சத்தம் போட்டார். மூன்று மாதம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. நாய் பழையபடியே திரிந்தது.

இரண்டாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போனேன். நாய் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தது என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதிப் பார்த்திருந்தேன். "அம்மா, உங்கள் நாயைக் குறை சொல்ல வரவில்லை. சிறுவயதில் கடிபட்டதால் எனக்கு நாய் என்றால் உடம்பு நடுங்குகிறது. காலை 6.30 முதல் 7 மணி வரை, நான் பஸ்ஸுக்குப் போகும் நேரம் மட்டும், அதை உள்ளே வைத்திருக்கவோ சங்கிலியில் பிடித்துக்கொள்ளவோ முடியுமா?" அவ்வளவுதான் கேட்டேன். எதிர்பார்த்தபடியே, "அது ஒன்றும் செய்யாது தம்பி, குழந்தை மாதிரி" என்றார். "உங்களை ஒன்றும் செய்யாது அம்மா, அதற்கு உங்களைத் தெரியும். என்னைத் தெரியாதே" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத்தனை நாள் நாய் பிடிக்காதவர் என்று நினைத்திருந்தேன், பயம் என்று தெரியாது" என்றார்.

அந்த உரையாடலிலிருந்து நான் எடுத்துக்கொண்டவற்றைச் சொல்கிறேன். பயத்தை மறைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'நாயைக் கட்டி வையுங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நேரம், எந்த இடம் என்று அளந்து கேளுங்கள். அளந்து கேட்டதைத்தான் மறுநாள் செய்தார்களா இல்லையா என்று பார்க்க முடியும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்க வேண்டும் என்று மட்டும் கேட்க வேண்டாம். ஓடவும் நடக்கவும் விடாமல் கட்டியே வைத்த நாய் சிடுசிடுப்பாகும், அவிழும் நாளில் இன்னும் ஆபத்தாகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உயிர் பற்றிய கேள்வி, தயங்க வேண்டாம். அந்த நாய்க்குத் தெரிந்த சொற்கள் எவை என்றும் கேளுங்கள். எதிர்வீட்டு நாய்க்கு 'நில்' தெரியாது, 'உட்கார்' தெரியும். தாழ்ந்த, உறுதியான குரலில் 'உட்கார்' என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், ஒரு முறை உட்கார்ந்தது.

இன்னொன்று, அவர்கள் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளைப் பாருங்கள். எங்கள் தெருவில் பாதித் தொல்லைக்குக் காரணம் அதுதான். கொண்டி தேய்ந்து, நாய் மூக்கால் தள்ளினாலே திறந்துகொள்ளும். புதுத் தாழ்ப்பாளுக்குப் பாதிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். வேலை நடந்த அன்று அந்த அம்மாவும் நானும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

எல்லோரும் இப்படி இறங்கி வரமாட்டார்கள். இரண்டு முறை நயமாகக் கேட்டும் மாறாவிட்டால், தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றைக் குறித்து எழுத்தில் கொடுங்கள். அதே தொல்லையைப் பட்ட வேறு ஒருவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அங்கும், பிறகு உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுங்கள். பொது இடத்தில் நாயைப் பிடித்துக்கொள்ளாமல் விடுவது பற்றிப் பல இடங்களில் விதி இருக்கிறது. உங்கள் இடத்து விதியைப் படித்துவிட்டுப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். நாயை அடிப்பதும், அதற்கு விஷம் வைப்பதும் கொடுமை. அந்த எண்ணத்தையே கிட்டே விடாதீர்கள்.

இனி உள்ளே இருக்கும் பயம். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். சிறுவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் இருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். பயத்தைப் படிப்படியாகக் கரைக்கும் முறை அன்றிலிருந்து நன்றாக வளர்ந்திருக்கிறது. லார்ஸ்-ஜோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் 1989-இல், இத்தகைய பயங்களுக்கு மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் சிகிச்சை தரும் முறையை விவரித்தார். ஆகவே, 'பிறவிப் பயம், போகாது' என்று உங்களை நீங்களே கைவிட்டுவிடாதீர்கள்.

நான் மெதுவாகவே போனேன். முதலில் படங்கள். பிறகு குரைப்புச் சத்தத்துடன் வீடியோ, அதில் மட்டும் பத்து நாள். பிறகு நண்பர் ஒருவரின் வயதான நாய், சங்கிலியில், இருபது அடி தூரத்தில். அடுத்த வாரம் பதினைந்து அடி. ஒரே ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டேன். பயம் உச்சத்தில் இருக்கும்போது அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. அது பாதியாகத் தணியும்வரை இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். உச்சத்தில் ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். தணியும்வரை இருந்தால், பயம் தானாகவே இறங்கும் என்று கற்றுக்கொள்ளும். இந்தப் பயிற்சியை எதிர்வீட்டில் அவிழ்ந்து திரியும் நாயிடம் செய்யாதீர்கள். யார் பிடியிலும் இல்லாத நாய் பயிற்சிக்கு ஏற்றதில்லை. "சும்மா தொட்டுப் பாருங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம் "இன்று வேண்டாம்" என்று சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. வெளியே போவதையே நிறுத்தும் அளவுக்குப் பயம் இருந்தால் உளவியல் மருத்துவரிடம் போங்கள்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால் யோசிக்க நேரமில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. ஏழு வயதில் நான் கடிபட்ட அன்று என் பெரியம்மா என்னைக் குழாயடியில் நிறுத்தி, நான் அழுது ஓய்ந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். அவர் செய்தது எவ்வளவு சரி என்று வளர்ந்த பிறகே புரிந்தது. காயத்தில் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசியும் போட வேண்டிவரும். நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்த நாட்கள் முடியட்டும் என்று நாமாக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறிக்கு முன் முறையாக எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம்.

எதிர்வீட்டு அம்மா காலையில் கேட்டருகே வந்து, "பிடித்துக்கொண்டேன் தம்பி, வாருங்கள்" என்று குரல் கொடுப்பார். போன மாதம் அவர் வெளியூர் போனபோது மகன் வந்து தங்கினார். முதல் நாளே நாய் தெருவில் நின்றது. வீட்டில் ஆள் மாறினால் பேச்சையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அன்று மாலையே அவரிடம் போய் அதே வாக்கியங்களைச் சொன்னேன். தாழ்ப்பாளை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்றும் காட்டிவிட்டு வந்தேன்.