மார்கழில செயின்சா ஸ்டார்ட் ஆகலியா? குளிர் மேல பழி போடாதீங்க

டிசம்பர் வந்தா ஒரு புயல் வரும், தெருவுல குல்மோகரோ தூங்குமூஞ்சி மரமோ குறுக்க சாயும், அப்பதான் பத்து மாசமா பரண்ல கிடந்த, மரம் அறுக்குற செயின்சா நம்ம ஞாபகத்துக்கு வரும். எடுத்து கயிற இழுத்தா ஒரு சத்தமும் வராது. பக்கத்துல நிக்கிறவரு உடனே "குளிருபா, அதான் எடுக்கல"ன்னுவாரு. நம்ம சென்னை தண்டையார்பேட்டைல இன்னா குளிரு? மார்கழி விடியக்காலைலயே 20 டிகிரி கிட்ட இருக்கும், அந்த சூட்டுல எந்த மெஷினும் தாராளமா ஸ்டார்ட் ஆகணும். நெஜமான குளிர்ல கதை வேற. ஊட்டில ஜனவரி மாசம் புல்லு மேல உறைபனி படியுதுல்ல, அந்த மாதிரி இடத்துல பெட்ரோல் சரியா ஆவியாகாது, செயின் ஆயில் கெட்டியாகிடும், பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்பரேட்டர் உள்ளயே ஐஸ் கட்டும். நமக்கு இதுல ஒண்ணும் கிடையாது. மழை சீசன் முடிஞ்சு ஜனவரில மெஷின எப்படி எடுத்து வச்சீங்களோ, அதுக்கான பலன்தான் இப்ப டிசம்பர்ல கைக்கு வருது.

முதல் தப்பு, எல்லாரும் பண்றது, டேங்க்ல பெட்ரோல விட்டுட்டு அப்படியே தூக்கி வைக்கிறது. இப்ப பங்க்ல வர பெட்ரோல்ல பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் இருக்கு. நிறைய செயின்சாவோட மேனுவல எடுத்து பாருங்க, 10 சதவீதத்துக்கு மேல வேணாம்னு போட்டிருக்கும். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், நம்ம ஏரியா காத்துல ஈரத்துக்கு பஞ்சமா? ஒரு அளவுக்கு மேல தண்ணி சேர்ந்தா அது எத்தனாலையும் கூட்டிக்கிட்டு பிரிஞ்சு டேங்க் அடில உக்காந்துக்கும், டேங்க் உள்ள கிடக்குற ஃபில்டரும் அந்த அடிலதான் கிடக்கு, அப்புறம் மெஷின் குடிக்கிறது பெட்ரோலே இல்ல. மிச்சம் இருக்குற பெட்ரோலும் நாளாக நாளாக ஆவியாகி கார்ப்பரேட்டர் உள்ள பிசின் மாதிரி படியும், டயாப்ரம்னு ஒரு மெல்லிசான ரப்பர் ஷீட் இருக்கும் பாருங்க, அது அப்பளமாட்டம் விறைச்சுப் போயிடும். மெக்கானிக் பிரிச்சதும் முதல்ல அதத்தான் வெளிய எடுத்து காட்டுவாரு.

அதனால ஒரு மாசத்துக்கு மேல தொட மாட்டோம்னு தெரிஞ்சா, திறந்த வெளில வச்சு டேங்க காலி பண்ணுங்க, ப்ரைமர் பல்பு (அமுக்குனா பெட்ரோல இழுக்குற சின்ன ரப்பர் குமிழ்) இருந்தா நாலஞ்சு தடவ அமுக்கி லைன்ல இருக்குறதையும் தள்ளிட்டு, டேங்க்ல திரும்பி வந்ததையும் வெளிய எடுத்துடுங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, அவ்ளோதான். மிச்ச பெட்ரோல அடுத்த சீசனுக்குன்னு பாட்டில்ல புடிச்சு வைக்காதீங்க, அதுவும் வாட்டர் பாட்டில்ல வச்சுட்டு வீட்ல சின்ன பசங்க இருந்தா கேக்கவே வேணாம்.

பெட்ரோல்ல ஆயில் கலக்குறதுல கண்ணளவு வேணாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல உள்ள இருக்குற பேரிங், பிஸ்டன் எல்லாத்துக்கும் அந்த பெட்ரோல்ல கலந்த ஆயில்தான் உசுரு. பெட்ரோல் 50க்கு ஆயில் 1 னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 னா 40 மில்லி, உங்க மெஷினுக்கு எதுன்னு டேங்க் மூடி பக்கத்துலயோ புக்லயோ இருக்கும். கம்மியானா பிஸ்டன் புடிச்சுக்கும், அதோட கதை முடிஞ்சுது. ஜாஸ்தியானா பொகை அடிக்கும், பிளக்கு கரி புடிக்கும். பைக்குக்கு வாங்குன ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில ஊத்துறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல.

அடுத்தது உப்புக்காத்து. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஜன்னல் கம்பி என்ன ஆகுதுன்னு தெரியும்ல, செயினும் அதே இரும்புதான். பத்திரமா இருக்கட்டும்னு பிளாஸ்டிக் கவர்ல இறுக்கி கட்டி வைப்பாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு, உள்ள மாட்டுன ஈரம் வெளிய போக வழியில்லாம வேர்த்து வேர்த்து துரு புடிக்கும். பாரையும் (செயின் சுத்தி ஓடுற நீட்டு தகடு) செயினையும் கழட்டி, பாரோட காடில அடைச்சிருக்குற மரத்தூள ஒரு தகடு விட்டு சுரண்டி எடுங்க, மரத்தூளே ஈரத்த புடிச்சு வச்சுக்கும். செயின ஆயில்ல முக்கி பழைய துணில சுத்தி அட்டப்பெட்டில போட்டா போதும். மெஷின கொஞ்சம் காத்து படுற உலர்ந்த எடத்துல வைங்க, கேஸ் அடுப்பு இருக்குற ரூம் வேணாம். கீழ்வீட்டுக்காரங்க தரைல வைக்காதீங்க, 2023 மிக்ஜாம் தண்ணி எவ்ளோ உயரம் வந்துச்சுன்னு சொல்லித்தான் தெரியணுமா.

இப்ப ஸ்டார்ட் பண்றதுக்கு வருவோம், சண்டை எல்லாம் இங்கதான். புது பெட்ரோல் ஊத்தியாச்சு, ப்ரைமர் அமுக்கியாச்சு, சோக்க (காத்த கொறச்சு பெட்ரோல கூட்டுற லிவர்) ஃபுல்லா போட்டு கயிறு இழுக்குறோம். ரெண்டாவதோ நாலாவதோ இழுப்புல "பட்"னு ஒரு தடவ மட்டும் சத்தம் வந்து அடங்கும். ரொம்ப பேருக்கு அது காதுலயே விழாது, விழுந்தாலும் "ஆங், வருது வருது"ன்னு அதே சோக்லயே இன்னும் வேகமா இழுப்பாங்க. அந்த "பட்" தான் சிக்னல். அத கேட்ட உடனே சோக்க பாதிக்கு கொண்டு வரணும், அடுத்து இழுத்தா ஓட ஆரம்பிக்கும், உடனே ஆக்சிலேட்டர ஒரு தட்டு தட்டுனா ஐடிலுக்கு இறங்கிடும். அத விட்டுட்டு ஃபுல் சோக்லயே இழுத்துக்கிட்டே இருந்தா ஓவர்ஃப்ளோ ஆகி பிளக்கு நனைஞ்சுடும், அப்புறம் தோள்பட்டை கழண்டாலும் எடுக்காது. அப்படி ஆயிட்டா சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்க கழட்டி தொடச்சு காய விடுங்க, சோக்க எடுத்துட்டு பிளக்கு இல்லாமயே சில தடவ இழுத்தா உள்ள நிக்கிற பெட்ரோல் வெளிய தெறிக்கும், மூஞ்ச தள்ளி வச்சுக்கங்க, பக்கத்துல எவனும் பீடி பத்த வைக்கக் கூடாது. பிளக்கு முனைல இருக்குற இடைவெளி பொதுவா 0.5 மில்லிமீட்டர், கரியா இருந்தா புதுசு மாத்திடுங்க, பெரிய செலவு இல்ல.

கயிற எடுத்த எடுப்புல வெடுக்குனு இழுக்கக் கூடாது. மெதுவா இழுத்தா ஒரு இடத்துல டைட்டா புடிக்கும், அங்கேர்ந்துதான் வேகமா இழுக்கணும், கடைசி வரைக்கும் இழுக்காதீங்க, விடும்போது கையோட கொண்டு போய் விடுங்க, இல்லன்னா கயிறு அறுந்து நடுத்தெருவுல நிப்பீங்க. செயின் சுத்தாம புடிச்சுக்குற செயின் பிரேக்க போட்டுட்டு, மெஷின தரைல வச்சு, பின்னாடி கைப்பிடிக்குள்ள வலது கால் ஷூ முனைய வச்சு அமுக்கி, இடது கையால முன் கைப்பிடிய புடிச்சுக்கிட்டு வலது கையால இழுக்கணும். ஒரு கையில தொங்கவிட்டு இன்னொரு கையால இழுக்குற ஸ்டைல் வீடியோல பாக்க கெத்தா இருக்கும், லுங்கியும் செருப்புமா அத பண்றவங்கள பாத்தா எனக்கு அடிவயிறு கலங்குது.

செகண்ட் ஹாண்ட் வாங்குறவங்களுக்கு இன்னொண்ணு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் எஸ்டேட்ல ஓடுன மெஷின் சில சமயம் நம்ம ஊருக்கு வரும். சில மாடல்ல ஏர் ஃபில்டர் மூடிய கழட்டுனா சின்னதா ஒரு ஷட்டர் இருக்கும், ஒரு பக்கம் சூரியன் படம், இன்னொரு பக்கம் பனி படம். பனி பக்கம் வச்சா சிலிண்டர் சூடு கார்ப்பரேட்டருக்கு போகும், ஐஸ் கட்டாது, மலைல அது தேவை. அதே செட்டிங்ல ராயபுரத்துல வச்சு ஓட்டுனா மெஷின் கொதிக்கும், பவர் விழும், "மெஷின் வீக்கு, ஏமாத்திட்டான்"னு வித்தவன திட்டிக்கிட்டு இருப்போம். சூரியன் பக்கம் திருப்பி விட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

இதெல்லாம் அக்டோபர் மழைக்கு முன்னாடியே ஒரு ஞாயித்துக்கிழமை பாத்து வச்சுக்கங்க, 2016 வர்தா மாதிரி ஒண்ணு அடிச்சதுக்கு அப்புறம் மெக்கானிக் கடைல உங்களுக்கு முன்னாடி நிறைய பேர் நிப்பாங்க. மெஷின் ஓடுதுன்னு உடனே மரத்துல வைக்காதீங்க, பாரோட நுனிய ஒரு அட்டைக்கு நேரா கொஞ்சம் தள்ளிப் புடிச்சு ஆக்சிலேட்டர் குடுங்க, அட்டைல ஆயில் கோடு விழுந்தா செயினுக்கு ஆயில் வருதுன்னு அர்த்தம். விழுந்த மரத்துல ஈபி ஒயர் மாட்டியிருந்தா, கரண்ட் இல்லன்னு பாத்து தெரிஞ்சாலும் சரி, ஈபி ஆள் வர்ற வரைக்கும் மெஷின ஆஃப்லயே வைங்க.