720720: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, ‘இதற்கு எத்தனை காரணிகள்?’ என்று கேட்டால், பலரும் 1, 2, 3 என வரிசையாக வகுக்கத் தொடங்கிவிடுவார்கள். அது வீண் உழைப்பு. பகாக் காரணிகளைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சின்னக் கணக்குதான். 720720ஐ எடுத்துக்கொள்வோம்.

படி 1: வகுக்கும் முன் எண்ணை உற்றுப் பாருங்கள்.

720 இரண்டு முறை வருகிறது. (7,20,720 என்று காற்புள்ளியிட்டு எழுதினால் இது கண்ணில் படாது.) மூன்று இலக்கங்கள் அப்படியே மீண்டும் வந்தால், அந்த எண் 1001இன் மடங்கு. ஆகவே 720720 = 720 × 1001.

படி 2: இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள்.

720 = 2⁴ × 3² × 5
1001 = 7 × 11 × 13

ஆக, 720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

படி 3: காரணிகளை எண்ணுங்கள்.

ஒரு காரணியை உருவாக்கும்போது 2ஐ எத்தனை முறை சேர்க்கலாம்? ஒருமுறைகூடச் சேர்க்காமல் விடலாம். நான்கு முறை வரையும் சேர்க்கலாம். மொத்தம் ஐந்து வழிகள். அடுக்குடன் 1 கூட்டச் சொல்வது இதனால்தான். 3க்கு மூன்று வழிகள், மற்ற நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு.

5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் இராமானுசன் 1915இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

ஒற்றைப்படைக் காரணிகள் மட்டும் வேண்டுமா? 2ஐ விட்டுவிடுங்கள்: 3 × 2 × 2 × 2 × 2 = 48.

படி 4: காரணிகளின் கூடுதல்.

240 எண்களையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. 2க்கு 1+2+4+8+16 = 31. 3க்கு 1+3+9 = 13. மற்றவற்றுக்கு 6, 8, 12, 14. எல்லாவற்றையும் பெருக்கினால் 3249792. இதிலிருந்து 720720ஐக் கழித்தாலும் 2529072 மிஞ்சுகிறது. அது எண்ணைவிடப் பெரியது. எனவே இது ஒரு மிகை எண், அதாவது தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தன்னைவிடப் பெரிதாக உள்ள எண்.

படி 5: எதனால் எல்லாம் வகுபடும்?

1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும். அவற்றின் மீச்சிறு பொது மடங்கே இதுதான். ஆனால் அடுத்த எண்ணான 17 பகாக் காரணிகளில் இல்லை, அதனால் அது வகுக்காது.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி: அடுத்த எண்ணான 720721ஐப் பிரியுங்கள். 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும் என்பதால், 17இலிருந்து தொடங்கினால் போதும். பகா எண்களாக வகுத்துக்கொண்டே போங்கள். பொறுமை வேண்டும், 71இல்தான் பிடி கிடைக்கும். 720721 = 71 × 10151. இரண்டுமே பகா எண்கள். பக்கத்து எண்ணுக்கு 240 காரணிகள், இதற்கு வெறும் நான்கு.