சீனப் பீங்கான்ல புத்த சின்னம்: பார்த்ததும் நம்பிடாதீங்க

பழைய சீன ஜாடில எட்டு சின்னம் வரிசையா இருந்தா போதும், உடனே புத்திஸ்ட் பீஸ்னு முடிவு கட்டிடுறாங்க. எட்டு எட்டா வர்ற செட் அங்க ஒண்ணு இல்ல, மூணு இருக்கு. புத்த செட்ல சக்கரம், சங்கு, குடை, விதானம், தாமரை, கலசம், ஜோடி மீன், முடிவே இல்லாத முடிச்சு. தாவோங்கிற சீன மதத்தோட செட்ல எட்டு சித்தருங்க கையில வச்சிருக்கற விசிறி, வாள், சுரைக்குடுக்கை, புல்லாங்குழல் இந்த மாதிரி சாமான், அதுலயும் ஒரு தாமரை வரும். மூணாவது முத்து, காசு, புத்தகம்னு பொதுவான மங்களப் பொருள். மூணுலயுமே ரிப்பன் சுத்தி பறக்குற மாதிரி வரைஞ்சிருப்பாங்க, அதனால ரிப்பனையோ தாமரையையோ வச்சு சொல்லாதீங்க, சக்கரமும் விதானமும் கூட இருக்கான்னு தேடுங்க. (நம்மாளுங்க சங்கு சக்கரம்னதும் பெருமாள்கிட்ட போயிடுவாங்க, அது வேற கதை.)

தொந்தியோட சிரிக்கறவர் கௌதம புத்தர் இல்ல. அவர் புடாய்ங்கிற சீனத் துறவி, இனிமே வரப்போற புத்தரான மைத்ரேயரோட அவதாரம்னு கும்பிடுறாங்க. வாசல்ல ஜோடியா உக்காந்திருக்கற பொம்மையை நாய்னு நினைச்சுக்கறாங்க, அது நாயும் இல்ல, சிங்கம்.

ஃபுஜியன்ல தெஹுவா ஊர்ல செஞ்ச வெள்ளை பொம்மை, கையில குழந்தை, பார்த்தா மேரி மாதா மாதிரியே இருக்கும், ஐரோப்பால அப்படியே எடுத்துக்கிட்டவங்களும் உண்டு, ஆனா அது குவான்யின், கருணைக்குப் பேர்போன போதிசத்துவர், நம்ம அவலோகிதேஸ்வரர்தான் அங்க பெண் ரூபம் எடுத்துட்டார். இதுல முதல்ல உடையறது விரல் நுனி. நூறு இருநூறு வருஷப் பொம்மைல எல்லா விரலும் அம்சமா இருந்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க, யுவி லைட் அடிச்சா ஒட்டுப்போட்ட இடம் பல சமயம் தனியா தெரியும்.

அடிப்பக்கத்து முத்திரைலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. செங்ஹுவாங்கிற ராஜா (1465–1487) பேர் போட்டிருந்தா அந்தக் காலத்துதுன்னு அர்த்தமில்ல, பின்னாடி வந்த காங்ஷி ராஜா காலத்துல (1662–1722) அதே முத்திரையை தாராளமா போட்டாங்க, அதுல பாதி ஏமாத்தறதுக்கு இல்ல, பழசு மேல இருந்த மரியாதை. 1677ல பீங்கானுக்குப் பேர்போன சிங்தெஜென் ஊர்ல ராஜா பேரைப் பீங்கான்ல எழுதக்கூடாதுன்னு உத்தரவு வேற வந்துச்சு, அந்த சமயத்துல பேருக்கு பதிலா அடியில தாமரை, இலை, இல்ல வெறும் ரெட்டை வட்டம் போட்டாங்க. அந்தத் தாமரையைப் பார்த்து கோயில் பாத்திரம்னு விலை ஏத்தி விக்கறவங்ககிட்ட உஷாரா இருங்க.

அப்புறம் மிங் வம்சத்து காலத்துக் கிண்ணம் சிலதுல சுத்திவர பூ டிசைன் மாதிரி இருக்கும், அது டிசைன் இல்ல, லான்சாங்கிற அலங்கார லிபில எழுதின சம்ஸ்கிருத மந்திரம். அதைத்தான் நிறைய பேர் கவனிக்காம விட்டுடுறாங்க.