எவ்வளவில் கொன்றது? கடல்பாசியில் மருந்து தேடுகிறவர்கள் தவறும் இடங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் கட்டக்கோரைப் பாசி காயும் வாசம் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கெட்டியாக்கப் பயன்படும் ஆல்ஜினேட்டுக்குக் கட்டக்கோரை, கூழாக உறையும் அகாருக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று நம் கரைப் பெண்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அதே பாசியிலும் கடற்பஞ்சிலும் கரையோரச் செடிகளிலும் மருந்து தேடி ஆய்வு மாணவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன். அன்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும் என்று நினைப்பவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெரிய தவறு, அகார் தட்டில் வெற்று வட்டம் தெரிந்த அன்றே மருந்து கிடைத்துவிட்டதாக நம்புவது. கிருமியைப் பரப்பிய தட்டில் பாசிச் சாறு தோய்த்த சிறு காகித வில்லையை வைக்கிறோம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரிகிறது. சந்தோஷம்தான். ஆனால் பினாயில் வைத்தாலும் அந்த வட்டம் வரும். கிருமி செத்ததா என்பதைவிட எவ்வளவு சாற்றில் செத்தது என்பதுதான் முக்கியம்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் சாறு இருந்தால்தான் கிருமி அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அந்த அளவை ரத்தத்தில் மட்டும் எட்டவே இரண்டரை கிராம் சாறு வேண்டும். விழுங்கியதில் எவ்வளவு குடலைத் தாண்டும், கல்லீரல் எவ்வளவை உடைக்கும், தசைக்குள் எவ்வளவு இறங்கும் என்பதையெல்லாம் இதில் சேர்க்கவே இல்லை. அதனால்தான் அனுபவசாலிகள் கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பிரித்தெடுத்த தனிப்பொருள் என்றால் 10-க்கும் கீழே எதிர்பார்ப்பார்கள்.

வட்டத்தின் அகலத்தை வைத்துப் பாசிகளை வரிசைப்படுத்துவதும் சரியில்லை. சின்ன மூலக்கூறு அகாரில் வேகமாகப் பரவும், பாசியின் பெரிய சர்க்கரைச் சங்கிலிகள் அசையாமல் வில்லையடியிலேயே நிற்கும். வட்டம் சிறிதென்றால் மருந்தும் சுமார் என்று அர்த்தமில்லை. எந்தக் குறைந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்பதைத் திரவத்தில் வைத்து அளந்து பாருங்கள். அதே அளவில் நம் உடல் செல்களும் சாகின்றனவா என்பதையும் உடனே பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் செத்தால் அது விஷம்.

அப்புறம் உப்பு. கடலிலிருந்து வந்த பொருளைச் சரியாகக் கழுவாமல் சாறு எடுத்தால் அந்த உப்பே சில கிருமிகளை அடக்கிவிடும். கரைக்கப் பயன்படுத்திய மெத்தனாலும் அடக்கும். கரைப்பானை மட்டும் வைத்த வில்லை ஒன்று தட்டில் இல்லாவிட்டால் முடிவை யாருக்கும் காட்டாதீர்கள்.

பாம்பனில் பாசி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் ஒருமுறை இரண்டு மூட்டைக் கட்டக்கோரை வாங்கினேன். நான்கு மாத இடைவெளியில் எடுத்தவை. இரண்டையும் ஒரே பையில் கொட்டப் போனபோது அவர் தடுத்தார். "பிஞ்சும் முத்தினதும் ஒண்ணா தம்பி?" என்றார். அந்தக் கேள்விக்கு என் ஆய்வுத் திட்டத்தில் இடமே இருக்கவில்லை. பருவம், ஆழம், இடம் மாறினால் பாசிக்குள் இருக்கும் பொருளின் அளவும் மாறும். கட்டக்கோரை என்ற ஒரே பெயரில் சர்காசம் இனங்கள் பலவும் வந்துவிடும். இனத்தை உறுதிசெய்து, தேதியும் இடமும் குறித்து, ஒரு மாதிரியை உலர்த்திப் பாதுகாக்காமல் தொடங்கினால் அடுத்த வருடம் அதே முடிவை நீங்களே மறுபடி எட்ட முடியாது.

எல்லாவற்றையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் சாறு எடுக்கும் பழக்கத்தையும் யோசியுங்கள். செடியிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் முதலில் நழுவிக்கொண்டே இருந்தது சூட்டினால்தான். செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய சீன மருத்துவக் குறிப்பைப் படித்த சீன ஆய்வாளர் து யூயூ, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் எடுத்துப் பார்த்தார். அது 1970-களின் தொடக்கம். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் மாவட்டத்து மணலில் தானாகவே பூக்கும் நித்யகல்யாணியின் கதை இன்னும் நெருக்கமானது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நாட்டு வழக்கைச் சோதிக்கக் கனடாவில் எலிகளுக்கு அதன் சாற்றைக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள்தான் குறைந்தன. அதைக் கவனித்ததால் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துப் பொருள் வெளிவந்தது. பின்னால் வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. எதிர்பார்த்தது வரவில்லை என்று ஆய்வுக் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள் என்று மாணவர்களிடம் இதைச் சொல்வேன். வீட்டில் சர்க்கரைக்காக நித்யகல்யாணிக் கஷாயம் காய்ச்சுகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் அந்த டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தயவுசெய்து குடிக்காதீர்கள்.

இனி கடல் எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்வி. கரீபியன் கடலின் ஒரு சிற்றுயிரிலிருந்து டிராபெக்டடின் என்ற புற்றுநோய் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு கிராம் எடுக்க ஏறக்குறைய ஒரு டன் உயிர் தேவைப்பட்டது. நுண்ணுயிரியை நொதிக்கவைத்துக் கிடைக்கும் வேறொரு பொருளிலிருந்து அதை வேதிமுறையில் செய்யத் தெரிந்த பிறகுதான் 2007-இல் ஐரோப்பாவில் மருந்தாக வந்தது. 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அவ்வளவு பாரம் தாங்காது. அதனால் தேடலை நுண்ணுயிர்ப் பக்கம் திருப்புங்கள். கடற்பஞ்சில் கிடைக்கும் பொருளைப் பல சமயம் அதனுள் குடியிருக்கும் பாக்டீரியாதான் செய்கிறது. பாக்டீரியாவைச் சோதனைக்கூடத்தில் வளர்க்க முடிந்தால் கடலை மறுபடி தொட வேண்டியதில்லை.

கடல் அட்டையும் பவளமும் கடல்குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அனுமதி இல்லாமல் "ஆய்வுக்குத்தான்" என்று மீனவரிடம் கேட்டு வாங்கினால் வழக்கு அவர் மேலும் விழும். காப்புரிமைக்குப் போவதாக இருந்தால் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவோ அனுமதியோ வேண்டும். இதைக் கடைசி மாதத்தில் நினைவுக்குக் கொண்டுவராதீர்கள்.

தொற்றுநோய்க்கும் நாள்பட்ட நோய்க்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் தவறு. ஏழு நாள் மருந்தில் லேசான குமட்டலைப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் முப்பது வருடம் விழுங்க வேண்டிவரும். பாசியில் சேரும் ஆர்சனிக், அயோடின் போன்றவை அங்கேதான் கணக்குக் கேட்கும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் நீண்ட நாள் சோதிக்காமல் "இயற்கைதானே" என்று சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை.

கஞ்சிப்பாசி காய்ச்சிக் குடிப்பது நம் கரையின் உணவு, தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டு, இயற்கை மருந்துக்கு மாறிவிட்டேன் என்று சொன்ன ஒருவரைத் தொண்டிப் பக்கம் பார்த்தேன். அவர் நிறுத்திய மாத்திரைகளில் ஒன்று ரிஃபாம்பிசின். 1957-இல் பிரான்ஸ் நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியின் பொருளைத் திருத்தி, அளந்து, சோதித்துச் செய்த மருந்து அது. அதுவும் இயற்கையில் பிறந்ததுதான் என்று அவரிடம் நெடுநேரம் பேசினேன். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.